சூரிய கிரகணமும் பெருமானாரின் மறுப்பும்

 



மார்க்கம் ஒன்று சொல்கிறது, விஞ்ஞானம் வேறொன்று சொல்கிறது, இரண்டில் எதை நம்புவது என்று பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். விடை சொல்ல வேண்டிய பெரியவர்களில் பலர் பிள்ளையை அதட்டி அமர்த்தி விடுகிறார்கள். வேறு சிலர், எங்கோ கேட்ட ஓர் அதிசயக் கதையைச் சொல்லி, 'பார்த்தாயா, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டு விட்டது' என்று சமாளிக்கிறார்கள். அக்கதை உண்மையா என்று அவர்கள் விசாரித்திருப்பதில்லை. இவ்விரண்டுமே பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழியல்ல. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி அதை நமக்குக் கற்றுத் தருகிறது.

அன்னை மாரியா அல்கிப்திய்யா (ரலி) அவர்கள் வயிற்றில் பெருமானாருக்குப் பிறந்தவர் இப்ராஹீம். மதீனாவின் புறத்தே அபூ ஸைஃப் என்ற கொல்லரின் வீட்டில், அவருடைய மனைவியிடம் பால் குடித்து அக்குழந்தை வளர்ந்து வந்தது. உலைப் புகை நிறைந்த அந்த வீட்டுக்குப் பெருமானார் செல்வதும், பிள்ளையை வாங்கி முத்தமிட்டு முகர்வதும் வழக்கம் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒன்றரை வயதை ஒட்டிய பருவத்தில் அந்தப் பிள்ளை நோயுற்றது. உயிர் பிரியும் தறுவாயில் பெருமானாரின் கண்கள் நீரைச் சொரிந்தன. 'தாங்களுமா அழுகிறீர்கள், அல்லாஹ்வின் தூதரே!' என்ற பொருளில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வியந்து கேட்டார்கள். இது இரக்கம் என்று பெருமானார் விடையளித்தார்கள். கண் கலங்குகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆயினும் இறைவனுக்குப் பிடிக்காத சொல் எதையும் நாவு சொல்லாது என்னும் கருத்தையும் எடுத்துரைத்தார்கள்.

அந்தத் தந்தையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதற்கு முன் பிறந்த ஆண் மக்கள் அனைவரும் சிறு பிராயத்திலேயே மறைந்து விட்டனர். ருகைய்யா, ஸைனப், உம்மு குல்தூம் (ரலி) ஆகிய மூன்று பெண் மக்களையும் அதற்குள் நல்லடக்கம் செய்தாகி விட்டது. இப்ராஹீமும் போன பின்னர் எஞ்சியிருந்தவர் ஃபாத்திமா (ரலி) ஒருவர் மட்டுமே.

அதே நாளில் சூரியன் ஒளி இழந்தது.

மதீனா மக்கள் மேலே பார்த்தார்கள். பகல் வெளிச்சம் மங்கி வந்தது. நபியின் மகன் இறந்ததற்காகச் சூரியனே துக்கம் கொண்டாடுகிறது என்று பேசத் தொடங்கினார்கள். அப்படிப் பேசியவர்கள் தீயவர்கள் அல்லர். தம் தலைவர் மீது கொண்ட அன்பினால் பேசினார்கள். பெரிய மனிதர் இறந்தால் வானம் அடையாளம் காட்டும் என்பது அரபுகளிடம் மட்டுமன்றி, அக்கால உலகெங்கும் ஊறிக் கிடந்த நம்பிக்கையாகும்.

பெருமானார் மேலாடை தரையில் இழுபட விரைந்து பள்ளிவாசலுக்கு வந்தார்கள். மக்களை ஒன்று சேர்த்து நீண்ட நேரம் நின்று தொழுதார்கள். வெளிச்சம் திரும்பிய பின்னர் உரை நிகழ்த்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் உள்ளவை. எவருடைய இறப்புக்காகவும் எவருடைய பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை. அதைக் காணும்போது தொழுங்கள், இறைவனை இறைஞ்சுங்கள், தர்மம் செய்யுங்கள் என்பது அவ்வுரையின் சாரம். புகாரீ, முஸ்லிம் உள்ளிட்ட நூல்களில் பல தோழர்கள் வழியாக இச்செய்தி பதிவாகியுள்ளது.

பெருமானார் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆண் மக்கள் இறந்தபோது, சந்ததி அற்றவர் என்று மக்காவின் எதிரிகள் ஏசியது நமக்குத் தெரியும். இப்போது வானமே அவர்களுடைய மகனுக்காக அழுகிறது என்ற பேச்சு, அந்த ஏச்சுக்குத் தானாகவே வந்து வாய்த்த பதிலாக அமைந்திருக்கும். முந்தைய ஆண்டுதான் கூட்டம் கூட்டமாகப் பல கோத்திரத்தார் மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றிருந்தனர். ஈமான் இன்னும் வேர் பிடிக்காத அந்தப் புதியவர்களின் உள்ளத்தில் நபியின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்திருக்கும். பொய் எதையும் சொல்ல வேண்டியதில்லை, மௌனமே போதும். போலித் தீர்க்கதரிசி எவனும் கைவிடாத வாய்ப்பு அது. மகனைப் பறிகொடுத்த அந்த நாளிலேயே, தமக்குச் சாதகமாக எழுந்த அந்தப் பேச்சைப் பெருமானார் மிம்பரில் நின்று மறுத்தார்கள். நபித்துவத்தின் உண்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும் என்று இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

விண்ணியல் அறிஞர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்தக் கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27ஆம் நாள் நிகழ்ந்தது என்கிறார்கள். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தின் இறுதிக்கு அது பொருந்தி வருகிறது. சூரியனின் நடுப்பகுதி மறைந்து ஓரம் மட்டும் வளையமாக ஒளிரும் கங்கண கிரகணம் அது. அந்த வளையம் தெரிந்த பாதைக்கு வெளியே இருந்ததால் மதீனாவில் அது பகுதிக் கிரகணமாகவே காலைப் பொழுதில் தென்பட்டது. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் நம்மவர்கள் கண்டதும் கங்கண கிரகணம்தான்.

கணக்கும் அச்சமும்

இனி, கிரகணம் எப்படி நிகழ்கிறது? சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வந்து மறைத்தால் சூரிய கிரகணம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி வந்து, அதன் நிழல் சந்திரன் மீது விழுந்தால் சந்திர கிரகணம். சூரியனின் விட்டம் சுமார் 13 இலட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். சந்திரனுடையது 3,474 கிலோமீட்டர். ஏறத்தாழ 400 மடங்கு வேற்றுமை. ஆனால், சூரியன் சந்திரனைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. ஆகவே, நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. சிறியது பெரியதை மறைக்க முடிகிறது. சந்திரன் சற்றுத் தொலைவில் இருக்கும் நாள்களில் முழுதும் மறைக்க மாட்டாமல் விளிம்பு வளையமாக எஞ்சுகிறது. சந்திரனின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு மாதமும் கிரகணம் வருவதில்லை.

சூரிய கிரகணம் சந்திர மாதத்தின் முடிவில், பிறை கண்ணுக்குத் தெரியாத நாள்களில் மட்டுமே நிகழ முடியும். இந்த ஒரு செய்தியைக் கொண்டு நம் முன்னோர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. குழந்தை இப்ராஹீம் மாதத்தின் பத்தாம் நாள் இறந்ததாக வரலாற்றாசிரியர் வாகிதீயின் வழியாக ஓர் அறிவிப்பு இருக்கிறது. இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் (1263–1328) இதை எடுத்துக்கொண்டு, சூரிய கிரகணம் பத்தாம் நாளில் வராது, ஆகவே இவ்வறிவிப்பு பிழை என்று தீர்ப்பளித்தார்கள். கிரகண நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்வது மறைவான ஞானத்தைக் கோருவதாகாது. கோடையும் குளிரும் எப்போது வரும் என்று அறிவதைப் போன்றதே அது என்றும் விளக்கினார்கள். தத்துவவாதிகளையும் சோதிடர்களையும் கடுமையாகச் சாடிய ஓர் இமாம், கிரகணக் கணக்கைச் சோதிடத்திலிருந்து பிரித்துப் பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். (பிறை பார்ப்பதா, கணக்கிடுவதா என்ற விவாதத்துக்குள் இக்கட்டுரை நுழையாது. அதற்கு வேறு இடங்கள் நிறையவே உள்ளன.)

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கிரகணம் நிமிடக் கணக்கில் முன்கூட்டியே சொல்லக்கூடியது என்றால், அதைக் கண்டு அஞ்சித் தொழுவதற்கு என்ன இருக்கிறது? கணித ஆசிரியர் அட்டவணையில் போட்டுக் காட்டி விட்ட ஒன்று, அல்லாஹ்வின் அத்தாட்சி ஆவது எப்படி?

ஹிஜ்ரி 702இல் மறைந்த இமாம் இப்னு தகீக் அல்ஈத் (ரஹ்) இக்கேள்வியை நேராக எதிர்கொண்டவர். கணக்கர்கள் சொல்லும் காரணம் மெய்யாகவே இருந்தாலும், அது இறையச்சத்துக்கு முரணாகாது என்பது அவர் தரும் விடை. காரணங்களையும் அவற்றின் விளைவுகளையும் அமைத்தவனே அல்லாஹ். அவன் நாடினால் அந்தத் தொடர்பை அறுத்து விடவும் கூடியவன். அதை உணர்ந்தவனின் உள்ளம், வழக்கமான ஒன்றைக் காணும்போதும் நடுங்கும். சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே ஓடுகின்றன என்ற கருத்து அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இடம் பெற்றிருக்கிறது. கணக்கு இருப்பதையே அருட்கொடையாக எடுத்துரைக்கும் வேதத்தை ஓதிக்கொண்டு, யாரோ அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் ஈமான் போய்விடுமோ என்று நாம் ஏன் பதற வேண்டும்?

இமாம் கஸ்ஸாலியின் எச்சரிக்கை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095ஆம் ஆண்டில் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' என்னும் நூலை எழுதி முடித்தார்கள். தத்துவவாதிகளின் கொள்கைகளை மறுப்பதற்கென்றே எழுதிய நூல் அது. அதன் முன்னுரையில், எவற்றைத் தாம் மறுக்கப் போவதில்லை என்பதையும் சொல்லி விடுகிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டது கிரகணத்தையே! பூமியின் நிழல் விழுவதால் சந்திர கிரகணம் உண்டாகிறது என்பது வடிவியலாலும் கணிதத்தாலும் நிறுவப்பட்டது, அதில் ஐயமில்லை. மார்க்கத்துக்கு உதவுவதாக எண்ணி இதை மறுப்பவன் மார்க்கத்துக்கே குற்றமிழைத்தவன் ஆகிறான் என்கிறார்கள்.

காரணத்தையும் அவர்களே சொல்கிறார்கள். கணக்கைத் தெரிந்தவனிடம் போய், 'நீ சொல்வது மார்க்கத்துக்கு முரண்' என்றால் அவன் கணக்கைச் சந்தேகிக்க மாட்டான். நாளை இத்தனை மணிக்குக் கிரகணம் என்று சொன்னான், அப்படியே நடந்தது. கண்ணால் கண்டதை எப்படி மறுப்பான்? அவன் மார்க்கத்தையே சந்தேகிப்பான். ஆகவே, முறையான வழியில் மார்க்கத்தைத் தாக்குபவனால் விளையும் தீங்கைவிட, முறையற்ற வழியில் அதற்கு உதவுபவனால் விளையும் தீங்கு பெரிது என்பது இமாம் அவர்களின் முடிவு. தொள்ளாயிரம் ஆண்டுகள் கடந்து விட்டன. நம் வீட்டுப் பிள்ளைகளின் நெஞ்சில் இன்று நடப்பதை அருகிலிருந்து பார்த்துச் சொன்னதுபோல் இருக்கிறது.

பிற்காலத்தில் எழுதிய 'அல்முன்கிது மினள் ளலால்' நூலில் இமாம் அவர்கள் இதன் மறுபக்கத்தையும் காட்டினார்கள். கணிதத்தின் துல்லியத்தைக் கண்டு மயங்கியவன், அதில் வல்லவர்கள் இறைமையைப் பற்றிச் சொல்வதும் அதே அளவு துல்லியமாகத்தான் இருக்கும் என்று எண்ணி ஏமாறுகிறான். ஒரு கலையில் தேர்ந்தவர் எல்லாக் கலையிலும் தேர்ந்தவர் ஆகமாட்டார். இதுவும் இன்றைக்குப் பொருந்தும். சந்திரன் எந்த நொடியில் சூரியனை மறைக்கும் என்று சொல்லும் சமன்பாடு, அவ்விரண்டும் ஏன் இருக்கின்றன என்று சொல்வதில்லை. அந்தக் கேள்வி அதனிடம் கேட்கப்படவும் இல்லை. கேட்கப்படாத கேள்விக்கும் சேர்த்து விஞ்ஞானத்தின் பெயரால் 'இறைவன் இல்லை' என்று விடை சொல்பவர், தம் கலையின் எல்லையைத் தாண்டி விட்டார்.

பஞ்சை நெருப்பு எரிக்கிறது என்று நாம் காண்கிறோம். நெருப்பு பட்டதும் பஞ்சு எரிவதைத்தான் கண்ணால் பார்க்கிறோம். எரித்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தைப் பார்ப்பதில்லை என்று 'தஹாஃபுத்' நூலின் பதினேழாம் விவாதத்தில் இமாம் கஸ்ஸாலி வாதிடுகிறார்கள். இதைக் கேட்டு, 'அப்படியானால் உலகில் எதையும் நம்ப முடியாதே! வீட்டில் வைத்து வந்த புத்தகம் பையனாக மாறியிருக்கலாமே!' என்று கேலி பேசுவோர் இருப்பர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கேள்வியைத் தாமே எழுப்பி விடையும் அளிக்கிறார்கள்: அல்லாஹ் தன் வழக்கத்தை ஒரே சீராக நடத்துகிறான், அவ்வாறெல்லாம் நடக்காது என்ற அறிவையும் நமக்குத் தந்திருக்கிறான். அந்தச் சீரான வழக்கத்தைப் படிப்பதற்கே இயற்பியல் என்று பெயர். அதைப் படிக்கும் முஸ்லிம் மாணவன் தன் இறைவனின் செயலைத்தான் படிக்கிறான்.

நிலவைப் பற்றிய இரு கதைகள்

சகோதரர்களே! இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம்.

1969 ஜூலையில் நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கு ஓசை கேட்டார், பின்னர் கெய்ரோவில் அதே ஓசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதையை அறியாத ஜமாஅத் நம்மில் உண்டா? இது உண்மையன்று. அவரே இதை மறுத்தார். அவர் மதம் மாறவில்லை என்று முஸ்லிம் நாடுகளில் இருந்த தன் தூதரகங்களுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை 1983ஆம் ஆண்டில் செய்தி அனுப்பியது. முஸ்லிம்களின் மனத்தைப் புண்படுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதையும் அதில் குறிப்பிட்டது. நிலவில் காற்று இல்லை. காற்று இல்லாத வெளியில் ஓசை பரவாது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். அந்தப் பிள்ளை இக்கதையை மிம்பரிலிருந்து கேட்டால், மிம்பரைப் பற்றி என்ன நினைக்கும்?

இரண்டாவது, நிலவின் மேற்பரப்பில் நீண்ட பிளவு ஒன்றைக் காட்டும் புகைப்படம். சந்திரன் பிளந்த முஃஜிஸாவை விண்வெளி ஆய்வாளர்களே நிரூபித்து விட்டார்கள் என்ற வாசகத்துடன் அது பல்லாண்டுகளாக வலம் வருகிறது. படம் மெய்யானது. அந்தப் பிளவுக்கு அரியாடேயஸ் என்று பெயர். நீளம் சுமார் 300 கிலோமீட்டர், அகலம் சுமார் 5 கிலோமீட்டர். இரு விரிசல்களுக்கு நடுவே தரை கீழே அமிழ்ந்ததால் உண்டான பள்ளம் அது. நிலவின் சுற்றளவோ ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். இதுபோன்ற பள்ளங்கள் நிலவில் வேறு இடங்களிலும் இருக்கின்றன.

சந்திரன் பிளந்ததை நாம் நம்புவது புகைப்படத்தைக் கொண்டா? திருக்குர்ஆனும் நபித்தோழர்களின் அறிவிப்புகளும் அதற்கு ஆதாரம். முஃஜிஸா என்பதே வழக்கத்தை மீறி நிகழ்வது. வழக்கத்தின் அளவுகோலால் அதை அளக்கக் கிளம்புவது பொருத்தமற்றது. அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய் ஒரு பள்ளத்தின் படத்தில் கட்டி வைத்தால், படம் பொய்த்த அன்று இளைஞனின் உள்ளத்தில் எது உடையும்?

மகனின் மரணத்தன்று தாமாக வந்த 'அத்தாட்சி'யை உதறிய நபியின் உம்மத், ஏமாந்து போய்ப் பொய் அத்தாட்சிகளைத் தேடி அலைகிறது. எவ்வளவு பெரிய முரண்!

ஒரு காலத்தில் தஃப்ஸீர் எழுதியவர்களிலும் சிலர் தம் காலத்து விண்ணியலை வசனத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். அன்றைய கிரேக்கக் கணக்கில் கோள்களுக்கு ஏழு வட்டங்கள் இருந்தன. ஏழு வானங்கள் அவையே என்றும், எட்டாவது வட்டம் குர்ஸிய்யு, ஒன்பதாவது அர்ஷ் என்றும் விளக்கம் கூறினார்கள். பிற்காலத்தில் வட்டங்களும் பொய்த்தன. 1781இல் யுரேனஸும் 1846இல் நெப்டியூனும் கண்டறியப்பட்டன. திருவசனம் அப்படியே நிற்கிறது. பொருத்திய ஒட்டுதான் கழன்று விழுந்தது. எல்லாக் கலைகளையும் குர்ஆனிலிருந்தே பிழிந்தெடுக்க முயல்வதை இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1388) 'அல்முவாஃபகாத்'தில் கண்டித்திருக்கிறார்கள். இன்றைய அறிவியல் நூலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வசனத்தை ஒட்டிக் காட்டும் நூல்களை நம்மவர்கள் ஆர்வத்துடன் வாங்குகிறார்கள். அவற்றில் நன்மை இல்லை என்று கூறவில்லை. இயற்கையை உற்று நோக்கும் ஆவலை அவை தூண்டியிருக்கக்கூடும். ஆனால், மாறக்கூடிய ஒன்றின் மீது மாறாத ஒன்றை ஏற்றி வைப்பது ஆபத்தான கட்டடம்.

எல்லா முரண்பாடும் கிரகணத்தைப் போல் எளிதில் தீர்ந்து விடும் என்று சொன்னால் அதுவும் உண்மையாகாது. உயிரினங்களின் பரிணாமத்தைப் பற்றிப் பாடநூல் சொல்வதும், ஆதம் (அலை) அவர்களின் படைப்பைப் பற்றி நாம் நம்புவதும் எதிரெதிரே நிற்பதாகவே மாணவர்களுக்குத் தோன்றுகிறது. திரிபோலி நகரத்து அறிஞர் ஹுஸைன் அல்ஜிஸ்ர் 1888ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அர்ரிஸாலத்துல் ஹமீதிய்யா'வில் இதைப் பதற்றமின்றி அணுகினார். வசனங்களின் வெளிப்படையான பொருளையே பற்றிக்கொள்வோம்; மறுக்கவே முடியாத சான்று ஒன்று கிடைத்தால், வசனத்துக்கும் அதற்கும் இணக்கம் காண வழியுண்டு; எப்படியாயினும் படைத்தவன் அல்லாஹ் என்பதில் மாற்றமில்லை என்பது அவர் எடுத்த நிலை. அதற்குப் பின் சான்றுகள் பெருகியுள்ளன. அறிஞர்களிடையே விவாதமும் நீள்கிறது. இதில் தம் பிள்ளைக்கு விடை சொல்ல இயலாத தகப்பனார், 'எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் சேர்ந்து போய்க் கேட்போம்' என்று கூறலாம். டார்வினே இறுதியில் மனம் மாறி விட்டார் என்பது போன்ற ஆதாரமற்ற கதையைச் சொல்வதைவிட அது நூறு மடங்கு மேல்.

வீட்டுக்குள் வரும் இருள்

இத்தனையும் ஆலிம்களும் மாணவர்களும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்தானே என்று தாய்மார்கள் எண்ண வேண்டாம். கிரகணம் நம் வீட்டு அடுக்களை வரை வருகிறது.

கிரகண நேரத்தில் கருவுற்ற பெண் காய் நறுக்கக் கூடாது, கத்தியைத் தொடக் கூடாது, வெளியே வரக் கூடாது. மீறினால் குழந்தை உதட்டுப் பிளவோடு பிறக்கும் என்ற அச்சம் முஸ்லிம் வீடுகளிலும் உண்டு. பெருமானார் மறுத்ததும் இதுவேதான்: கிரகணத்துக்கும் ஒரு மனிதனின் பிறப்பு இறப்புக்கும் முடிச்சுப் போடுவது! குழந்தையின் மேலுதடு கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் இணைந்து உருவாகி விடுகிறது. அப்போது பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அறிந்திருக்க மாட்டார்கள். ஏழாம் மாதத்தில் அவள் வெங்காயம் நறுக்கியதால் அந்த உதடு பிளக்காது. மரபணுக்களும் வேறு பல காரணிகளும் சேர்ந்து உண்டாக்கும் குறை அது. அறுவை சிகிச்சையால் சீராக்கக் கூடியது. அத்தகைய குழந்தையைப் பெற்ற தாயைப் பார்த்து, 'அன்றைக்கே சொன்னேனே, கேட்டாயா?' என்று மாமியாரும் உறவினரும் சொல்லும் சொல் இருக்கிறதே, அது நபியவர்களின் சொல்லுக்கு நேர் எதிரானது. அவள் செய்யாத குற்றத்தை அவள் ஆயுள் முழுதும் சுமக்கிறாள். (வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் மெய்யான எச்சரிக்கை. அது கருவுற்றவருக்கும் மற்றவருக்கும் ஒன்றே. விழித்திரை கருகிவிடும்.)

இதே முடிச்சு இன்னும் பெரிய அளவில் போடப்பட்ட நாளும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைத் தட்டு உடைந்து நழுவியது. எழுந்த அலைகள் இந்தோனேசியாவில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றன. நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிணங்கள் அடக்கம் செய்யப்படும் முன்பே, இது இன்னாரின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எல்லா மதத்து மேடைகளிலும் பேச ஆளிருந்தது. இலங்கையின் களுத்துறைக் கடற்கரையில் அலை திரும்பிச் சென்றபோது செயற்கைக்கோள் எடுத்த படத்தில் அல்லாஹ்வின் திருப்பெயர் எழுதியிருப்பதாகச் சொல்லிப் படத்தைப் பரப்பியோரும் உண்டு. பிள்ளையைத் தேடி மணலைத் தோண்டிக்கொண்டிருந்த தாயிடம் அந்தப் படத்தைக் காட்ட முடியுமா? தண்ணீரில் மூழ்கி இறந்த முஃமினுக்கு ஷஹீதின் நன்மை உண்டு என்பது பெருமானார் தந்த ஆறுதல். இறந்தவர்களின் பாவக் கணக்கை எண்ணும் பொறுப்பை நமக்கு அவர்கள் தரவில்லை.

எச்சரிக்கையும் படிப்பினையும் அத்தகைய நாளில் இல்லையா என்றால், உண்டு. கிரகணத்தன்று பெருமானார் அச்சத்தோடுதான் எழுந்தார்கள். அந்த அச்சம் தமக்குள் நோக்கி, தொழுகையாகவும் தர்மமாகவும் வெளிப்பட்டது. அடுத்தவரின் குற்றத்தைத் தேடப் புறப்படவில்லை.

கிரகணத் தொழுகை நம்மிடையே பெரிதும் மறக்கப்பட்ட ஸுன்னத்தாகி விட்டது. இரண்டு ரக்அத்துகள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு முறை நின்று ஓதி, இரண்டு ருகூஉ செய்வது முழுமையான முறை. ஹனஃபீ மத்ஹபில் வழக்கமான தொழுகையைப் போன்றே ஒரு ருகூஉ. ஓதுதல் நீண்டதாக இருக்கும். 2010 ஜனவரி 15 வெள்ளிக்கிழமை. அன்று கன்னியாகுமரி, தூத்துக்குடி, இராமேஸ்வரம், யாழ்ப்பாணம் பகுதிகளில் கங்கண கிரகணம் ஜும்ஆ நேரத்தை ஒட்டியே உச்சத்தை அடைந்தது. நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது: முந்தைய வாரமே பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்து, தொழுகை முறையைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்து விடலாம்.

2027 ஆகஸ்ட் 2 திங்கட்கிழமை, ஸஃபர் மாதம் முடியும் தறுவாயில், முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் ஸ்பெயினின் தென்முனையையும் வட ஆப்பிரிக்காவையும் கடந்து, செங்கடலைத் தாண்டி, ஜித்தாவுக்கும் மக்காவுக்கும் மேலாகச் செல்லும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புனித நகரில் நண்பகலை அடுத்து சுமார் 5 நிமிடம் சூரியன் முழுதும் மறைந்திருக்கும். அன்று உம்ராவுக்குச் சென்றிருப்போர், கஅபாவின் முன்னே பகல் இருண்டு, மீண்டும் வெளுப்பதைக் காண்பார்கள், இன்ஷா அல்லாஹ்.